முள்மீன் குஞ்சு இல்லாத கழி

“இந்தக் கழியில முள்மீன் குஞ்சே கிடையாது டீச்சர்” என்றார் கஸ்பார்.

ரெமிஜியா டீச்சர் அவரைவிட வயதில் இளையவர். மீன் இனம் பார்க்க அவரிடம்தான் கஸ்பார் கற்றுக்கொண்டிருந்தார். கற்றது போதும் என்ற நினைப்பு அவருக்கு எப்போதோ வந்துவிட்டது.

“நல்லாப் பார்த்தீங்களா அண்ணே?”

“முள்மீனை எனக்கா தெரியாது? வெள்ளி உடம்பு, கூர்மூக்கு, அதுக்கு அடியில வாய். கண்ணைக் கட்டிவிட்டாலும் தொட்டே சொல்லிருவேன். கமிட்டியிலயும் காலையில சொல்லிட்டேன், குஞ்சு இல்லன்னு.”

குஞ்சு வளர்கிற கழி என்றால் விட்டுவிடுவது, இல்லையென்றால் கடல்தண்ணீர் உள்ளே வரும் அதன் வாயை மண் கொட்டி மூடிவிடுவது. ஊர்க் கமிட்டியின் முடிவு அது. பார்த்துச் சொல்லும் பொறுப்பு கஸ்பாருடையது. மண் லாரிகள் கரைக்கு வந்து நின்றுவிட்டன.

“எனக்கு ஒருதரம் வலை போட்டுக் காட்டுங்க.”

கஸ்பார் போட்டார். கைவலையை வெள்ளைத் தட்டில் உதறினார். வழக்கம்போல முதலில் குப்பையைப் பொறுக்கி மணலில் வீசினார். பாசி, சிப்பி, நாடா மாதிரி வழவழவென்று ஏதோ ஒன்று. குப்பையோடு இனம் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது.

“பாருங்க. இறால், கெளுத்திக் குஞ்சு. வேற என்ன இருக்கு?”

டீச்சர் குனிந்து, மணலில் கிடந்த நாடாவை எடுத்துக் கழித்தண்ணீர்க் கிண்ணத்தில் விட்டார்.

அது நெளிந்து நீந்தியது. உடம்பு கண்ணாடி. தலையில் இரண்டு கறுப்புப் புள்ளிகள்.

“விலாங்குக் குஞ்சு” என்றார் கஸ்பார். குரல் இறங்கியிருந்தது.

“விலாங்குக் குஞ்சுக்கு வால் பிளந்திருக்குமா அண்ணே?”

பிளந்திருந்தது.

கஸ்பார் ஆடிப்போனார்.

“இதத்தானே நான் ஒவ்வொரு வலையிலயும்…”

“ஆமா. இதுதான் முள்மீன் குஞ்சு.”

எத்தனை வீசியிருப்பார்! கரையில் லாரியைக் கிளப்பும் சத்தம் கேட்டது.

“ஊரே என்னை நம்பிச்சு டீச்சர். இப்ப எந்த முகத்தோட போய்ச் சொல்ல?”

டீச்சர் கிண்ணத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

“இது… இன்னும் பெருசாகித்தானே மீனாகும்?” கஸ்பார் பேச்சை மாற்றினார்.

“இல்லண்ணே. முதல்ல சுருங்கும். பாதிக்கும் கீழ சுருங்கும். அப்புறந்தான் மீன்.”

கஸ்பார் கிண்ணத்தைப் பார்த்தார். பிறகு கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். கழியை நோக்கிப் பின்பக்கமாக நகர்ந்துகொண்டிருந்த முதல் லாரிக்கு நேரே போய்க் கைகளை விரித்து நின்றார்.

“நிறுத்துங்கய்யா! எனக்கு முள்மீனைத் தெரியாதுய்யா!”