முதலிடத்து மான்களும் கடைசி இடத்துக் கீரிகளும்

ஆனைமடுக் காட்டு விலங்குகளுக்குக் கபடி என்றால் உயிர். மழை ஓய்ந்து குளக்கரை மணல் காய்ந்ததும் ஆட்டம் தொடங்கிவிடும். மொத்தம் எட்டு அணிகள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஆட்டங்கள். முடிவில் பட்டியலில் முதலாவதாக நிற்கும் அணிக்குக் கோடை முழுவதும் குளத்தின் ஆழமான பக்கம் சொந்தம். மற்றவர்களுக்குக் கலங்கிய ஓரத் தண்ணீர்தான்.

பட்டியல் போடுவது இருவாச்சிப் பறவை. உயரமான மரம், பெரிய அலகு, கணீரென்ற குரல். அது சொன்னால் காடே கேட்கும். வேடிக்கை என்னவென்றால், முதல் பட்டியலை அது ஆட்டம் தொடங்கும் முன்பே சொல்லிவிடும்!

"முதலிடம், புள்ளிமான்கள்!" என்று அந்த ஆண்டும் தொடங்கியது. "கடைசி இடம், கீரிகள்!" என்று முடித்தது.

கீரிகளின் தலைவி செம்பிக்கு முகம் சுருங்கியது. போன கோடையில் ஓரத் தண்ணீரைக் குடித்து அதன் குட்டிகள் நோயில் விழுந்திருந்தன. இந்தக் கோடையிலும் அதே தண்ணீர் என்றால் அவை பிழைக்குமா என்பதே சந்தேகம்.

"இருவாச்சியக்கா, இன்னும் ஒருத்தர்கூட மணல்ல கால் வைக்கலையே! அதுக்குள்ள நாங்க எப்படிக் கடைசி?"

"மான்கள் போன வருஷம் ஜெயிச்சவங்க. பார்க்கவும் அழகு. நீங்க குட்டையா இருக்கீங்க. வேற என்ன பார்க்கணும்?"

முதலிடத்துக்கு இன்னொரு சலுகையும் உண்டு. யாரோடு மோதுவது என்பதை அந்த அணியே தேர்ந்தெடுக்கலாம். மான்களின் தலைவன் சுழியன் கொஞ்சமும் யோசிக்கவில்லை.

"முயல், அணில், காடை!" என்றது.

கீரிகளின் தலையில் விழுந்தவை காட்டுப்பன்றி, கருமந்தி, கரடி.

மான்களின் ஆட்டங்களைப் பார்க்கச் சிரிப்பாக இருந்தது. சுழியன் பாடிக்கொண்டு போனதும் காடைகள் பறந்துபோய் மரத்தில் உட்கார்ந்துகொண்டன. அணில்கள் ஒன்றன் முதுகுக்குப் பின்னால் ஒன்று ஒளிந்துகொண்டன. அதன் காலைப் பிடிக்க ஒருவரும் வரவில்லை. நாலு 'கபடி' சொல்வதற்குள் தொட்டுவிட்டுத் திரும்பிவிடும்.

கீரிகளுக்கோ ஒவ்வோர் ஆட்டமும் போர். பன்றிகளிடம் இடிபட்டு வென்றன. மந்திகளிடம் அறைபட்டு வென்றன. கரடித் தலைவன் மொத்தையன் செம்பியின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டது. அதன் வயிற்றுக்கு அடியிலிருந்து வெகுநேரம் "கபடி, கபடி" என்ற சத்தம் வந்துகொண்டே இருந்தது! ஆனாலும் அந்த ஆட்டத்தில் கீரிகள் ஒரே ஒரு புள்ளியில் தோற்றன.

இருவாச்சி இறுதிப் பட்டியலைச் சொன்னது.

"மான்களுக்கு மூணு வெற்றி! வேற யாருக்கும் மூணு இல்லை. ஆழமான பக்கம் மான்களுக்கே!"

"யாரோட ஆடி மூணு?" என்று கேட்டது செம்பி.

"அதெல்லாம் எதுக்கு? நீ ஒண்ணு தோத்திருக்கே. அதை மறைக்கப் பார்க்கிறியா?"

"மறைக்கலை அக்கா! இன்னும் சத்தமாச் சொல்லுங்க. கரடிகள்கிட்ட ஒரு புள்ளியில தோத்தோம். எங்களுக்கு அது பெருமை! மான்கள் எங்களோட ஒரே ஒரு ஆட்டம் ஆடட்டும். ஜெயிச்சா ஆழமான பக்கம் எங்களுக்கு. தோத்தா நாங்க வாயைத் திறக்கலை."

சுழியன் மூக்கைச் சுளித்தது. "முதலிடம் எதுக்குக் கடைசி இடத்தோட ஆடணும்?"

அப்போது ஒரு முயல் எழுந்து நின்றது. "சுழியண்ணே, எங்களை ஜெயிச்சதை ஒரு வெற்றின்னு வெளியில சொல்லாதீங்க. எங்களுக்கே கூச்சமா இருக்கு. பாதி ஆட்டத்துல நாங்க புல் மேயப் போயிட்டோம்!"

காடு கொல்லென்று சிரித்தது. இருவாச்சிக்கு அலகு தாழ்ந்தது. "சரி, ஆடுங்க" என்றது.

சுழியன் துள்ளிக்கொண்டு பாடப் போனது. ஏழு கீரிகளும் ஓடவில்லை, ஒளியவில்லை. நான்கு கால்களையும் கவ்விப் பிடித்துக்கொண்டன. இதுவரை யாரும் பிடித்ததில்லை என்பதால் பிடிபட்டால் மூச்சை எப்படி அடக்குவது என்று அதற்குத் தெரியவில்லை. "கபடி, கப... ஐயோ, விடுங்க!" என்று கத்திவிட்டது. மூச்சு விட்டாயிற்று. சுழியன் அவுட்!

"உடம்பெல்லாம் புள்ளி, ஆட்டத்துல ஒரு புள்ளிகூட இல்லையே!" என்று கிளையிலிருந்து கத்தியது ஓர் அணில்.

அடுத்து செம்பி பாடிப் போனது. மீதமிருந்த ஆறு மான்களும் அதன் மேல் விழுந்தன. குவியலுக்குள் செம்பியைக் காணவில்லை. ஆனால் "கபடி, கபடி, கபடி" என்ற குரல் மட்டும் நிற்கவில்லை. கரடியின் எடையைத் தாங்கிய மூச்சுக்கு மான்களின் எடை பெரிதாகத் தெரியவில்லை. குவியல் மெல்ல நகர்ந்தது. அதன் அடியிலிருந்து ஒரு சின்னக் கை நீண்டு நடுக்கோட்டைத் தொட்டது!

தொட்டுப் பிடித்த ஆறு மான்களும் வெளியேறின. மான்கள் அணியில் ஒருவர்கூட மிச்சமில்லை.

மொத்தையன் மார்பைத் தட்டிக்கொண்டு எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தியது: "பார்த்தீங்களா? எங்களோட மோதின பொண்ணு அவ!"

அன்று மாலை கீரிக்குட்டிகள் ஆழமான பக்கத்தில் வயிறு முட்டக் குடித்தன. செம்பி கரையில் தலை நிமிர்ந்து நின்றது.

இருவாச்சி மரத்திலிருந்து இறங்கி வந்தது. "இனிமே எல்லாரும் ஆடி முடிச்ச பிறகுதான் பட்டியல். யாரோட ஆடுறதுன்னு சீட்டுக் குலுக்கிப் போடுவோம்" என்றது.

சுழியன் தயங்கித் தயங்கி மொத்தையனிடம் போனது. "அண்ணே, அடுத்த வருஷம் சீட்டுல வராட்டியும் எங்களோட ஒரு ஆட்டம் ஆடுவீங்களா?"

எத்தனை முறை வென்றோம் என்பதைவிட, யாரோடு மோதினோம் என்பதே நம் பலத்தைச் சொல்லும்.