கொம்பையா பிடித்த நூல்

குடை ரிப்பேர் பார்க்கும் கொம்பையா, கொத்தனார் வைக்க வழியில்லாமல் தன் வீட்டைத் தானே கட்ட இறங்கினார். அடுத்த வீடு ஊர்த் தலைவர் பூதலிங்கத்துடையது. கடைக்கால் தோண்டிய அன்றே அவர் வந்து நின்றார்.

“ஏல கொம்பையா, ஒனக்குக் கரண்டி பிடிக்கவே தெரியாது. என் காம்பவுண்டுச் சுவருல நூலை வச்சு இழுத்து, அதே நேருக்கு ஒன் முன்சுவரை எழுப்பு. ஒரு விரக்கடை விலகுச்சு, இடிச்சுப்போடுவேன்.”

“ஆகட்டும் அண்ணாச்சி.”

சுவர் எழும்பியது. பார்த்தால், அதன் கடைசி மூலை தெருவுக்குள் துருத்திக்கொண்டு நின்றது. தலைவர் ஊரைக் கூட்டிவிட்டார்.

“தெருவை வளைச்சுட்டான்! கோணச் சுவரு, இன்னைக்கே இடிக்கணும்.”

வாங்கிய செங்கலில் பாதி அந்தச் சுவருக்குள் இருந்தது. இடித்தால் கொம்பையாவுக்கு இந்த ஜென்மத்தில் வீடு இல்லை. அவர் நூல்கண்டை எடுத்து வந்தார்.

“நான் கத்துக்குட்டி அண்ணாச்சி, தப்பாப் பிடிச்சிருப்பேன். ஒங்க சுவரு தொடங்குற எடத்துல அந்த நுனியை நீங்களே பிடிங்க.”

தலைவர் மிடுக்காகப் பிடித்தார். இழுத்த நூல் இரண்டு சுவரையும் ஒட்டியே ஓடியது. தலைவர் வீட்டு வாசலிலேயே அது சாக்கடையைத் தாண்டித் தெருவுக்குள் சாய்ந்திருந்ததை ஊரே பார்த்தது.

“கோணல் இங்கனயே தொடங்கிருச்சே, தலைவரே!” என்று கூட்டத்தில் ஒருவர் சிரித்தார்.

“இடிச்சிருவோம் அண்ணாச்சி,” என்றார் கொம்பையா. “எந்த முனையில தொடங்கட்டும்?”

தலைவர் நூலை விட்டுவிட்டார். “தெரு அகலமாத்தானல கெடக்கு. போயி மிச்ச வேலையப் பாரு.”

கொம்பையா நூலைச் சுருட்டி மடியில் செருகினார். மற்ற மூன்று சுவருக்கும் அவர் வேறு நேர் பார்த்துக்கொண்டார்.