கதைப் பந்தி

உலகம்மையிடம் கேட்பதற்குக் காந்திமதிநாதனுக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. அதைக் கேட்கத்தான் பாளையங்கோட்டையிலிருந்து இரண்டு பஸ் மாறி, சட்டையெல்லாம் வியர்வையில் நனைய ஆழ்வார்குறிச்சி வந்து இறங்கியிருந்தார்.

காந்திமதிநாதனுக்கு வயது அறுபது. உலகம்மைக்கு நாற்பத்தைந்துகூட இராது. இருந்தாலும் எழுத்தில் தனக்குக் குரு உலகம்மைதான் என்று அவர் பல வருஷங்களுக்கு முன்பே முடிவு கட்டிவிட்டார். ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார். உலகம்மை பதிலுக்கு ‘அண்ணாச்சி’ என்பாள். வயது குறைந்த குருவுக்கும் வயது கூடிய சீடருக்கும் இந்த ஏற்பாடு சௌகரியமாகவே இருந்தது.

காந்திமதிநாதன் எழுதியது ஒரே ஒரு நாவல். அதில் நாச்சியார் என்று ஒரு பெண் வருவாள். அடுக்களையில் பாத்திரங்களோடு பேசுவாள். உருளியைத் திட்டுவாள், கரண்டியைக் கொஞ்சுவாள். படித்தவர்களெல்லாம் அவள்மேல் பைத்தியமாக இருந்தார்கள். ஒரு விமர்சகர் அதை மாய யதார்த்தம் என்று எழுதினார். ‘நாச்சியார் எங்கிருந்து வந்தாள்?’ என்று கூட்டங்களில் கேட்டால், காந்திமதிநாதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி, “அது தானா வந்தது” என்பார். பொய் சொல்லவில்லை. மனதார அப்படித்தான் நம்பினார்.

தானாக வந்தது தானாகவே நின்றும் போயிற்று. நாவல் தந்த தெம்பில் பாளையங்கோட்டையில் புது வீடு கட்டினார். எழுதுவதற்கென்று தனி அறை, தேக்கு மேஜை, ஜன்னலுக்கு வெளியே வேப்பமரம். எல்லாம் இருந்தது. எழுத்து மட்டும் வரவில்லை. காலையில் பேனாவைத் திறப்பார், மத்தியானம் மூடுவார். வருஷங்கள் இப்படியே போயின. வெளியில் சொல்லிக்கொள்ள வெட்கமாக இருந்தது. எழுத்து போய்விட்டால் தனக்கு மிச்சம் ஒன்றும் இல்லை என்பது அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர் போய்ச் சேர்ந்த நேரம், உலகம்மை வீட்டில் பந்தி நடந்துகொண்டிருந்தது.

ஒரு புத்தகம் முடிந்ததும் உலகம்மை சாப்பாடு போடுவாள். அந்தப் புத்தகத்துக்குள் எவரெவர் வாய்ப்பேச்சும் நடையும் கோபமும் போயிற்றோ, அவர்கள் எல்லாருக்கும் வாழையிலை போட்டு, வடை பாயசத்தோடு விருந்து. ஊர்க்காரர்கள் அதற்குக் கதைப் பந்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். அழைப்பு வராதவர்கள் ‘நம்மளை எங்கேயும் போடலையே’ என்று மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கொள்வதும் உண்டு.

“வந்தது நல்லதாப் போச்சு அண்ணாச்சி. அந்த வடைத் தட்டைப் பிடிங்க” என்றாள் உலகம்மை.

காந்திமதிநாதன் பரிமாறினார். இரண்டாவது இலையில் டீக்கடை பால்துரை உட்கார்ந்திருந்தார்.

“ஏம்மா, எம் மீசையைக் கொண்டுபோயி அந்தக் களவாணிப் பயலுக்கு ஒட்டியிருக்கீயளாமே, நியாயமா இது?”

“அந்த மீசை இல்லைன்னா அவன் கதைக்குள்ள வரவே மாட்டேன்னுட்டான் பால்துரை. உங்க புண்ணியத்துல புஸ்தகம் முடிஞ்சுது. அண்ணாச்சி, இவருக்கு இன்னொரு வடை வைங்க.”

அடுத்த இலைக்காரர் பக்கத்து வீட்டு மனுஷர். சுவர்த் தகராறில் உலகம்மையை ஒரு நாள் முழுக்கத் தெருவில் நின்று ஏசியவர். அந்த ஏச்சு ஓர் அத்தியாயம் முழுக்க அப்படியே வந்திருக்கிறதாம். அவருக்கும் உலகம்மை கைகூப்பி, “நல்லாச் சாப்பிடுங்க, உங்களால ஒரு அத்தியாயம் பிழைச்சுது” என்றாள். அந்த மனுஷர் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

காந்திமதிநாதனால் பொறுக்க முடியவில்லை.

“அம்மா, ஒண்ணு கேக்கணும். எழுத்து எங்கேயிருந்து வருது?”

“முதல்ல ரசத்தைக் கொண்டுபோங்க.”

எல்லாரும் கை கழுவிப் போன பிறகு, இலைகளைச் சுருட்டிக்கொண்டே மறுபடியும் கேட்டார். இந்தத் தடவை குரல் உடைந்துவிட்டது.

“எனக்கு நின்னு போச்சும்மா. எங்கேயிருந்து வருதுன்னு தெரிஞ்சாத்தானே அங்க போயி நிக்க முடியும்? இந்த வருஷமும் வரலைன்னா, எழுதுதவன்னு சொல்லிக்கிடுததையே விட்டுருவேன்.”

உலகம்மை அவர் கையிலிருந்த இலைகளை வாங்கிக்கொண்டாள்.

“உங்க நாவலுக்குப் பந்தி போட்டீயளா?”

“வெளியீட்டு விழா நடந்துச்சே. முந்நூறு பேர் வந்தாக.”

“அதைக் கேக்கலை. பந்தி.”

“இல்லை.”

“போடுங்க. சொல்லி அனுப்புங்க, வாரேன்.”

அவ்வளவுதான்.

பஸ்ஸில் திரும்பும்போது காந்திமதிநாதனுக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. நன்றி மறந்திருக்கிறோம், அதனால்தான் நின்றுபோயிருக்கிறது. இனி ஒருவரையும் விடக்கூடாது. கையெழுத்துப் பிரதியைத் திருப்பி அனுப்பாமல் அச்சிட்ட பதிப்பாளர், மாய யதார்த்தம் என்று எழுதிய விமர்சகர், பரிசு கொடுத்த குழுவின் தலைவர், கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த பேராசிரியர், வாசகர் வட்டத்துச் செயலாளர் என்று யோசித்து யோசித்துக் கூப்பிட்டார். ஒவ்வொருவரையும் கூப்பிடும்போது அவருக்கு நெஞ்சு நெகிழ்ந்தது. இத்தனை பேர் கை கொடுத்திருக்கிறார்களே என்று உண்மையாகவே சந்தோஷப்பட்டார்.

“விருந்துன்னா சொதி வைக்கணும்” என்றார் மனைவியிடம்.

“இத்தனை பேருக்குத் தேங்காப்பால் எடுத்துச் சொதி வைக்க என்னால ஆகாது. டவுனுக்குப் போயி மதினியைக் கூட்டியாங்க. அவுக கைக்குத்தான் அது வரும்.”

மதினி என்பது காந்திமதிநாதனின் அண்ணன் மனைவி ஆவுடையம்மை. அண்ணன் இறந்து நாற்பது வருஷம் ஆகிறது. டவுனில், குடும்பத்தின் பழைய வீட்டில் தனியாக இருந்தாள். காந்திமதிநாதன் மனைவியை அனுப்பி வைத்தார். மதினியும் விடிகாலையிலேயே வந்து, அடுக்களைக்குள் நுழைந்து, சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். அவர் எட்டிப் பார்த்து “வாங்க மதினி” என்றார். அவள் தலையை ஆட்டினாள். அதற்குமேல் அவருக்கு நேரமில்லை. விருந்தாளிகள் வர ஆரம்பித்துவிட்டார்கள்.

உலகம்மை வந்தாள். கூடத்தில் எல்லாரோடும் உட்கார்ந்தாள். சோறு விழுந்தது, சொதி விழுந்தது, இஞ்சிப் பச்சடி விழுந்தது. காந்திமதிநாதன் ஒவ்வொரு இலை முன்னாலும் நின்று, கைகூப்பி, மனமாரச் சொன்னார்: “உங்க புண்ணியத்துலதான்யா நாவல் வந்துது.” பதிப்பாளர் கண் கலங்கினார். பேராசிரியர் எழுந்து ஆசீர்வாதமே செய்துவிட்டார்.

அப்போது அடுக்களையிலிருந்து ஒரு குரல் வந்தது.

“ஏ உருளி, என்னளா மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? பாலு திரிஞ்சுதோ, ஒன்னைய ஒங்க அத்தை வீட்டுக்கே அனுப்பிருவேன், பாத்துக்க. இந்தக் கரண்டி யாரு, புதுமாப்பிள்ளையா? ஓரமாச் சாஞ்சுக்கிட்டு நிக்காரு. வாங்கய்யா, வந்து கொஞ்சம் கிண்டுங்க.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. விமர்சகர் சொதியில் கை வைத்தபடியே, “ஐயா, நாச்சியாரை அடுக்களையிலேயே வச்சிருக்கீங்களா?” என்றார். வேடிக்கையாகத்தான் சொன்னார். அதற்கும் ஒரு சிரிப்பு எழுந்தது.

காந்திமதிநாதன் சிரிக்கவில்லை. கையிலிருந்த அப்பளக் கூடையோடு அப்படியே நின்றுவிட்டார். டவுன் வீட்டு அடுக்களை வாசற்படி ஞாபகம் வந்தது. கல்லூரி நாட்களில் அங்கேதான் உட்கார்ந்து படிப்பார். பிறகு நாவலையும் அங்கேதான் எழுதினார். அந்த வீட்டில் வெளிச்சம் இருந்த இடம் அது ஒன்றுதான் என்று இதுநாள்வரை நினைத்திருந்தார்.

உலகம்மை இலையில் இன்னும் கை வைக்கவில்லை.

“அண்ணாச்சி, உள்ள யாரு?”

“எங்க மதினி. சமைக்க வந்திருக்காக.”

சொல்லி முடித்ததும் அவர் முகம் கறுத்தது.

“அவுக இலை எங்க?”

“அவுக... கடைசிப் பந்தியில...”

“அப்ப நானும் கடைசிப் பந்தியிலயே இருந்துக்கிடுதேன்” என்று எழுந்தாள் உலகம்மை. “நீங்கல்லாம் சாப்பிடுங்க, நிறுத்தாதீங்க. அண்ணாச்சிக்கு உள்ள கொஞ்சம் வேலை இருக்கு. பரிமாறுதது நான் பாத்துக்கிடுதேன்.” அவர் கையிலிருந்த அப்பளக் கூடையை வாங்கிக்கொண்டாள்.

காந்திமதிநாதன் அடுக்களைக்குள் போனார். மதினி அடுப்பைத் தணித்துக்கொண்டிருந்தாள்.

“மதினி, வாங்க. வந்து உக்காருங்க.”

“எல்லாரும் எந்திரிக்கட்டும்யா. நான் பொறவு ஒருவாய் போட்டுக்கிடுதேன். கூடத்துல நான் எதுக்கு?”

“இந்தச் சாப்பாடே உங்களுக்குத்தான் மதினி.”

“எனக்கா?” அவள் சிரித்தாள். “நான் என்ன புஸ்தகமா எழுதினேன்? எழுத்துக் கூட்டவே எனக்குக் கண்ணைக் கட்டுது.”

“புஸ்தகத்துல இருக்கதெல்லாம் நீங்க பேசினது மதினி. உருளி, கரண்டி, எல்லாம். நாங் காதுல வாங்கி எழுதியிருக்கேன். எழுதினவனுக்கே அது தெரியலை. ஊரெல்லாம் கூப்பிட்டு நன்றி சொல்லிட்டு, உங்களை அடுப்புக்கிட்ட நிறுத்தி வச்சுட்டேன். உங்களுக்கு எப்படிச் சொல்லுததுன்னே தெரியலை.”

மதினி முந்தானையால் கையைத் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

“காந்தி, ஒனக்கு ஞாபகம் இருக்கா? ஒங்க அண்ணன் கண்ணை மூடின வருஷம்?”

“இருக்கு மதினி.”

“அந்த வீட்ல அப்ப எங்கிட்ட யாரும் பேசலைய்யா. வையலை, அடிக்கலை. பேசலை, அவ்வளவுதான். எம் முகத்தைப் பாத்தா எல்லாருக்கும் அழுகை வந்துரும்னு பாக்கதையும் விட்டுட்டாக. எனக்கு இருபத்தஞ்சு வயசு. ஒரு நாளு கெணத்தடி வரைக்கும் போயிட்டு வந்தேன். யாருக்கும் தெரியாது. வந்து, அடுப்புல சோறு பொங்கிச்சுன்னு பானையை வஞ்சேன். கோவத்துல வஞ்சேன். நீ வாசப்படியில உக்காந்து படிச்சுக்கிட்டிருந்த. சிரிச்சிட்ட.”

காந்திமதிநாதன் ஓர் அடி கிட்டே போனார்.

“அவ்வளவுதான். ஒருத்தன் கேக்கானேன்னு இருந்துச்சு. மறுநா காலையில, இன்னைக்கு என்ன சொன்னா இவன் சிரிப்பான்னு யோசிச்சுக்கிட்டே எந்திரிச்சேன். அப்படியே எந்திரிச்சு எந்திரிச்சுத்தான் இந்த வயசு வரைக்கும் வந்திருக்கேன். நீ எனக்கு நன்றி சொல்லுதியா? நாங் கும்பிடுத சாமிகிட்ட தெனமும் ஓம் பேரைத்தான்யா சொல்லுதேன்.”

“மதினி...”

“நீ இந்த வீட்டுக்கு வந்த பொறவு நாம் பேசுததே இல்லை. யாரு கேக்கா? பானைக்குக் காதா இருக்கு? இன்னைக்கு நீ கூடத்துல நிக்கது தெரிஞ்சுதான் வாயைத் தொறந்தேன். சிரிப்பன்னு பாத்தேன். சிரிப்புச் சத்தம் வந்துச்சு. ஆனா அதுல ஓஞ் சத்தம் இல்லை.”

அறுபது வயது மனிதர் குனிந்து, மதினியின் காலைத் தொட்டார். அவள் பதறிப்போய்த் தோளைப் பிடித்துத் தூக்கினாள். அடுப்பின் சூடு இரண்டு பேர் முகத்திலும் அடித்தது. அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனாலும் ஒன்று கிடைத்துவிட்ட சந்தோஷம் உள்ளே பொங்கியது. அவளைக் கையைப் பிடித்துக் கூடத்துக்குக் கூட்டிவந்தார்.

விருந்தாளிகள் பேச்சை நிறுத்தினார்கள். பேராசிரியர் தன் இலையைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விட்டிருந்தார். விட்ட இடத்தில் உலகம்மை ஏற்கெனவே இரண்டு இலை போட்டுத் தண்ணீர் தெளித்திருந்தாள்.

“அம்மா” என்றார் காந்திமதிநாதன். “நன்றி சொல்லத்தான் நான் உள்ள போனேன். அவுக எனக்குச் சொல்லுதாக. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு போயிருந்திருக்கு. யாருகிட்டேயிருந்து யாருக்கு வந்துதுன்னே இப்ப எனக்குத் தெரியலை. எழுத்து எங்கேயிருந்துதாம்மா வருது?”

உலகம்மை முதல் இலையில் சோற்றை வைத்தாள். இரண்டாவது இலையிலும் வைத்தாள். சொதி வாளியை எடுத்துக்கொண்டாள்.

“சாப்பிடையில பேசக்கூடாதும்பாக. நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டே சாப்பிடுங்க.”