தட்டாத கட்டை

"நான் சத்தத்தைக் கேட்டுத்தான்க்கா ஓடினேன். மெஷின் பொய் சொல்லுது."

விமானத்திலிருந்து இறங்கி நேராக மைதானத்துக்கே வந்துவிட்டாள் தவமணி. பெட்டியைக்கூட வீட்டில் போடவில்லை.

சகாயமேரி அவளைவிட நாலே வயது மூத்தவள். தடை ஓட்டக்காரியாக இருந்து, முட்டி போனதும் பயிற்சியாளர் ஆனவள். ஏழு வருடமாகத் தவமணிக்கு நூறு மீட்டர் சொல்லிக் கொடுக்கிறாள். கிளம்புவதில் தவமணியை அடிக்க ஆளில்லை என்று எழுதாத பேப்பர் இல்லை.

அந்தக் கிளம்பலே ஆசிய இறுதிப் போட்டியில் காலை வாரிவிட்டது. துப்பாக்கி வெடித்து, வினாடியில் பத்தில் ஒரு பங்கு ஆவதற்குள் கால் அசைந்தால், அது கேட்டு அசைந்த கால் இல்லை என்பது சட்டம். தவமணியின் கால் அதற்கும் ஒரு துளி முந்திவிட்டதாகக் காலடியில் வைத்திருந்த மெஷின் காட்டியது. அட்டையைக் காட்டி வெளியே அனுப்பினார்கள். மற்ற ஏழு பேரும் ஓடியதை அவள் நின்று பார்த்தாள்.

அடுத்த மாதம் உலகப் போட்டிக்குத் தேர்வு. இருபத்தொன்பது வயதில் அதையும் விட்டால், பிறகு டி.வி.யில் பார்க்க வேண்டியதுதான்.

"கேட்டியா?" என்றாள் சகாயமேரி.

"சத்தியமா கேட்டேன்."

"சரி. ஷூவைப் போடு."

ஒரு வாய்த் தண்ணீர் வேணுமா என்றுகூடக் கேட்கவில்லையே என்று தவமணிக்குக் கோபமாக வந்தது. போட்டாள்.

பயிற்சிக்கு ஏது துப்பாக்கி? கீல் வைத்த இரண்டு மரக்கட்டைகள்தான். சேர்த்து அடித்தால் 'டப்' என்று கேட்கும். சகாயமேரி அதைக் கையில் விரித்துப் பிடித்தாள்.

"ஆன் யுவர் மார்க். செட்."

தவமணி பாய்ந்தாள். இருபது மீட்டர் போய்த் திரும்பினாள்.

கட்டைகள் விரித்தபடியே இருந்தன.

"என்னத்தைக் கேட்ட?"

"பதட்டத்துல போயிட்டேன். இன்னொரு தடவை."

ஏழு தடவை. ஒரு தடவைகூடக் கட்டை தட்டவில்லை. ஏழு தடவையும் ஓடினாள்.

வெளிநாட்டில் வராத அழுகை இப்போது வந்தது.

"என் காதுல நெஜமாவே கேக்குதுக்கா."

"எப்போ?"

"நீங்க செட் சொல்லி, மூச்சை அடக்கி, விடுவீங்கள்ல... அப்போ. நீங்க பக்கத்துல இல்லாட்டியும் அந்த நேரத்துக்குக் கேக்கும்."

சகாயமேரிக்கு முகம் செத்துப்போனது. ஏழு வருடமாகக் காலையும் மாலையும் மூச்சை விடும் அதே நொடியில்தான் தட்டியிருக்கிறாள். அவளுக்கே தெரியாது. இத்தனை நாள் இவள் தப்பித்தது வெறும் அதிர்ஷ்டம்.

"தப்பு என்னுது," என்றாள்.

தவமணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அப்போ வேற கோச்கிட்ட போகட்டுமா?"

"போ. அவருக்கும் மூச்சு இருக்கும்ல?"

அப்போது நடைப்பயிற்சிக்கு வந்த ஒரு போலீஸ்காரர் வளைவில் வந்துகொண்டிருந்தார். சகாயமேரி அவரை நிறுத்திக் கட்டைகளைக் கையில் கொடுத்தாள்.

"எப்போம்மா தட்டணும்?"

"உங்களுக்கு எப்போ தோணுதோ அப்போ சார்."

மறுநாள் பால்காரர். அதற்கு மறுநாள் பேரனைப் பள்ளியில் விட வந்த ஒரு பெரியம்மா. அவர் கட்டைகளைப் பிடித்துக்கொண்டே மருமகளைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார். தவமணி இடுப்பைத் தூக்கியபடி காத்திருந்தாள். தொடை நடுங்கியது. அந்த மாதம் முழுவதும் சகாயமேரி முதுகைக் காட்டித்தான் நின்றாள். கட்டையைத் தொடவேயில்லை.

தேர்வு நாளில் முதல் மூன்று பேருக்கு இடம். தவமணி மூன்றாவதாக வந்தாள். நேராகச் சகாயமேரியிடம் நடந்து வந்தாள்.

"எல்லாருக்கும் கடைசியா கிளம்பினேன்க்கா."

"பார்த்தேன்."

தவமணி காதைத் தேய்த்துக்கொண்டாள்.

"ஏன்க்கா, துப்பாக்கிச் சத்தம் எப்பவுமே இவ்வளவு பெரிசா?"