திருக்கை திருப்பிக் கொடுக்காத முள்

அந்தக் காலத்தில், மீனும் செடியும் மனிதரும் ஒரே பேச்சுப் பேசிய நாளில், திருக்கை மீனின் வாலில் முள் கிடையாது. விரித்துப் போட்ட துணி மாதிரி கழிமுகத்துச் சேற்றில் அது படுத்துக் கிடக்கும். சேற்றில் கையால் தடவி இறால் பிடிக்க இறங்கும் பெண்கள், "வர்றோம், ஒதுங்கு" என்று குரல் கொடுத்துக்கொண்டே வருவார்கள். திருக்கையும் நகர்ந்துகொள்ளும்.

வயிற்றில் குட்டி தங்கியதும் அதன் நிம்மதி போயிற்று. யாராவது குரல் கொடுக்க மறந்துவிட்டால்? காற்றில் குரல் கேட்காமல் போனால்? வராத காலடிக்கெல்லாம் பதறி ஓடியே பாதியாக இளைத்துவிட்டது.

கரையோரம் கழிமுள்ளிச் செடி, நீலப் பூவும் வழவழப்பான இலையுமாக நின்றிருந்தது. அதன் தண்டில் விஷமுள்ள நீண்ட முள் ஒன்று உண்டு. அதற்குப் பயந்து ஆடுகள் கிட்டவே வராது. நீர் ஏறிய நேரம் பார்த்துத் திருக்கை அதனிடம் போய் அழுதது.

"குட்டி போடுற வரைக்கும் அந்த முள்ளைக் குடு தாயி. போட்ட கையோட கொண்டாந்து தந்துடறேன்."

ஆட்டை நினைத்தால் கழிமுள்ளிக்கும் கிலிதான். ஆனாலும் பிள்ளைத்தாய்ச்சி வாய்விட்டுக் கேட்டதை எப்படி மறுப்பது? கழற்றிக் கொடுத்துவிட்டது. திருக்கை அதை வாலில் செருகிக்கொண்டது.

மறுநாள் செம்பாயி என்பவள் இறால் தடவ வந்தாள். கை இரண்டும் சேற்றுக்குள் இருந்ததால், இறால் போடும் ஓலைப் பறியைப் பல்லில் கடித்துத் தொங்கவிட்டிருந்தாள். அன்று நல்ல பாடு, பறி நிறைய இறால். வாயைத் திறந்தால் பறியோடு அத்தனையும் தண்ணீரில் போய்விடும். ஆகவே குரல் கொடுக்காமலே கால் வைத்தாள். முதுகில் பாதம் அழுந்தியதும், குட்டிகள் நசுங்கிவிடும் என்ற பயத்தில் திருக்கை வாலை வீசியது.

காலில் முள் ஏற, செம்பாயி அலறி விழுந்தாள். பறி மிதந்து போனது. உயிர் தப்பினாலும் கால் தொடை வரை வீங்கிவிட்டது.

"பேசாம வந்தது என் தப்புதான். நீ ஒரு சத்தம் போட்டிருந்தா காலை எடுத்திருப்பேனே," என்றாள் வலியோடு.

குட்டிகள் நல்லபடியாகப் பிறந்தன. கழிமுள்ளி முள்ளைக் கேட்டது. குட்டிகளைப் பார்த்தால் திருக்கைக்குக் கொடுக்க மனசு வரவில்லை. இன்று, நாளை என்று இழுத்தடித்தது. அதற்குள் ஆடுகள் வந்து கழிமுள்ளியை மொட்டையடித்துவிட்டன. மறுபடி துளிர்த்தபோது, அது பயந்து போய் ஒவ்வோர் இலை விளிம்பிலும் முள்ளை வைத்துக்கொண்டது.

அன்று முதல்தான் கழிமுள்ளிக்கு இலையெல்லாம் முள், திருக்கைக்கு வாலில் முள். கழியில் இறங்குகிறவர்களும் அதற்குக் குரல் கொடுப்பதில்லை. காலைத் தூக்கி வைக்காமல் சேற்றில் இழுத்து இழுத்து நடக்கிறார்கள். அந்த அசைவு பட்டதுமே, அத்தனை பெரிய முள்ளை வைத்துக்கொண்டும், திருக்கை இன்றும் பதறித்தான் ஓடுகிறது.