தை மூன்றாம் நாள்

மலையடி மடத்தில் பதினேழு வருஷம் நந்தவனம் பார்த்துவந்த சுபேதார் மாசிலாமணி மார்கழிக் கடைசியில் காலமானார். அதற்கு முன் இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்தவர். அவர் நினைவாக ஒரு கல் நடவேண்டும் என்று ஊரார் கேட்டார்கள். கல்லில் வெட்டவேண்டியதை எழுதும் வேலை நல்லதம்பியிடம் வந்தது.

நல்லதம்பி ஐம்பது வயதுக்குமேல் மடத்துக்கு வந்த சீடர். பொய் சொல்வதில்லை என்று விரதம் பூண்டவர். சுபேதாரின் டிரங்குப் பெட்டியில் ஒரு பதக்கமும் இரண்டு சட்டையும்தான் இருந்தன. கல்லில் எழுத அது போதாமல் நல்லதம்பி மடத்துக் குருவிடம் போனார்.

"சுவாமி, தை மூன்றாம் நாள் வந்தால் சுபேதார் வருஷா வருஷம் ரெண்டு நாள் எங்கே போய்வந்தார்?"

"வேலாயுதம் வீட்டுக்கு."

"அது யார்?"

"பனிமலைக் காவலில் இவருக்குக் கீழே இருந்த சிப்பாய். டெலிபோன் கம்பி அறுந்துவிட்டது, போய்ப் பார் என்று அவனை அனுப்பியவர் இவர்தான். பனி சரிந்து மூடிவிட்டது. உடல் கிடைக்கவில்லை."

நல்லதம்பி குருவின் முன் உட்கார்ந்தார்.

"ஓய்வு பெற்றதும் அவன் அம்மா தாயம்மாளைப் பார்க்கப் போனார். அதற்குள் அவளுக்குக் கண் போய்விட்டது. சர்க்கார் கடிதத்தை அவள் நம்பவே இல்லை. 'உடம்பு வரலையே, அப்ப ஆள் வரும்' என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இவர் வாசலில் நின்று 'அம்மா' என்றார். 'வேலு, வந்துட்டியா' என்று கையைப் பிடித்துக்கொண்டாள்."

"நான் வேலு இல்லை என்று சொல்லவில்லையா?"

"வாய் வரவில்லை. அவனைப் போகச் சொன்ன வாய் அல்லவா?"

நல்லதம்பியின் முகம் சுருங்கியது.

"இத்தனை வருஷம் ஒரு தாயை ஏமாற்றியிருக்கிறார். இவரைப் பற்றி நான் என்னவென்று எழுதுவது, சுவாமி?"

"மூன்றாம் வருஷம் அவரும் இதைச் சொல்லித்தான் என் முன்னால் அழுதார். உண்மையைச் சொல்லிவிட்டு வருகிறேன் என்று கிளம்பினார். போனதும் தாயம்மாள் இலை போட்டுச் சோறு வைத்தாள். முதல் வாய் எடுத்தபோது இவர் முதுகைத் தடவிக்கொண்டே கேட்டாளாம்: 'வேலு, ஒன்னப் பெத்தவ நல்லா இருக்காளாய்யா?'"

வெளியே யாரோ வாளியை இறக்கும் சத்தம் கேட்டது.

"அப்புறம்?"

"அப்புறம் அவரும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. பதினாலு வருஷம் அப்படியே போய்வந்தார்."

நல்லதம்பி தோள்துண்டை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நாளை மறுநாள் தை மூன்று. அவள் காத்திருப்பாள். நான் போகட்டுமா, சுவாமி?"

"போ."

"சுபேதார் இல்லை என்பதை அவளிடம் சொல்லிவிட வேண்டுமா?"

"கேட்டால் சொல்" என்றார் குரு. "ஆனால் இலை போட்டு வைத்திருப்பாள். முதலில் உட்கார்ந்து சாப்பிடு."