நாலு மணிக்கு மேல்

நோய் வந்து பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டிய வருஷம். வகுப்பெல்லாம் போனில்தான். ஆசிரியர் அறையில் இரண்டே பேர். பாடம் நடத்தி நடத்தித் தேய்ந்துபோன சகாயமேரி டீச்சர், அவரிடம் வேலை பழக வந்த நிலோபர்.

நிலோபருக்குத் தொண்டை கட்டியிருந்தது. காரணம் தமயந்தி, ஏழாம் வகுப்பு. பாடத்துக்கு நடுவில் மைக்கைத் திறந்து நாய் மாதிரி ஊளையிடுவாள். மற்ற பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கும். மைக்கை மூடினால் திரை முழுக்கக் கிறுக்குவாள். கேமராவை மட்டும் போடவே மாட்டாள்.

"அவளை கிளாஸ்ல இருந்து எடுத்துடலாம்னு எழுதிட்டேன் டீச்சர். அஞ்சு மணிக்குள்ள ஹெச்.எம். கிட்ட கொடுக்கணும். உங்க கையெழுத்துதான் பாக்கி."

சகாயமேரி காகிதத்தைப் பார்த்தார். பேனாவைத் தேடவில்லை.

"கிளாஸை யாரு முடிக்கிறா?"

"நான்தான். நாலு ஆச்சுன்னா டக்குனு எல்லாருக்கும் மூடிடுவேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட என்னால முடியாது."

"இன்னிக்கு மூடாத."

நாலு மணி. பிள்ளைகள் கூடு திறந்த கோழிகளாக ஓடிப்போனார்கள். ஒரே ஒரு கறுப்புக் கட்டம் மிச்சம். தமயந்தி.

ஐந்து நிமிடம். பத்து. சகாயமேரி தன் பாட்டுக்கு வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தார். நிலோபர் தன் மைக்கை மூடிவிட்டுக் கேட்டாள்.

"எதுக்குடி ஊளையிடுறன்னு கேட்டுடட்டுமா?"

"அவ வீட்டுல அதைக் கேட்காத ஆள் இருக்கும்னா நினைக்கிற?"

அப்போது தமயந்தியின் மைக் திறந்தது. ஊளை வரவில்லை. பாத்திரம் விழுந்தது. ஒரு ஆம்பளைக் குரல், கெட்ட வார்த்தை. கதவு அறைந்து சாத்தும் சத்தம். அப்புறம் ரொம்பக் கிட்டத்தில் மூச்சு.

"மிஸ், போயிட்டீங்களா?"

சகாயமேரி கையை நீட்டி மைக்கைத் திறந்தார்.

"இல்லம்மா. இருக்கோம்."

"எப்போ போவீங்க?"

"நீ போனப்புறம்."

அந்தப் பக்கம் மைக் மூடியது. கட்டம் போகவில்லை.

மணி நாலே முக்கால். நிலோபர் கையில் காகிதம் வேர்வையில் நமுத்திருந்தது. அவளுக்குப் பசி. வீட்டுக்குப் போகணும்.

"டீச்சர், அவ போகவே இல்லைன்னா?"

சகாயமேரி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் தேய்த்தார்.

"போன்ல சார்ஜ் எவ்வளவு இருக்கு?"

"பதினாலு."

"சார்ஜரைப் போடு."